படத்தில் ஒரு கடல், கரையில் வேறு கடல்: சிறுவர் கடற்கரைப் படப் புத்தகங்களைப் பார்க்கும் முறை

புத்தகத்தில் பார்த்த நட்சத்திர மீனைத் தேடி மெரினாவுக்கோ காரைக்கால் கரைக்கோ போகும் குழந்தை பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறது. அங்கே பாறைக் குட்டை இல்லை, கூழாங்கல் இல்லை. மாலையில் சூரியன் கடலில் இறங்காமல் ஊருக்குப் பின்னால் போய் மறைகிறது. “புத்தகத்துல இருந்துச்சே?” என்று குழந்தை கேட்டால் என்ன சொல்வது?

புத்தகம் பொய் சொல்லவில்லை. அது வேறொரு கரையைப் பற்றிய புத்தகம். எந்தக் கரை, அது எப்படி நம் குழந்தையின் கைக்கு வந்தது, வரும் வழியில் என்னென்ன பிசகின என்று தெரிந்துகொண்டால், புத்தகத்தைத் தூக்கிப் போடாமலே சரியாகப் பயன்படுத்த முடியும்.

## 32 பக்கத்துக்குள் ஒரு கடல்

படப் புத்தகத்தில் செய்தியின் பெரும்பங்கைப் படமே சுமக்கிறது. எழுத்து தெரியாத குழந்தையும் படத்தை வைத்தே அதைப் ‘படித்து’விடும். பெரிய தாளில் இருபுறமும் அச்சிட்டு மடித்து வெட்டும்போது பக்கங்கள் 8, 16, 32 என்ற கணக்கில்தான் வரும். அதனால் உலகெங்கும் படப் புத்தகத்துக்கு 32 பக்கம் என்பது வழக்கமான அளவாகிவிட்டது. தலைப்பு, உரிமை விவரம் முதலிய பக்கங்களைக் கழித்தால் கதைக்கு மிஞ்சுவது 12 முதல் 14 இரட்டைப் பக்கங்கள். சொற்கள் பெரும்பாலும் ஐந்நூறைத் தாண்டாது.

இந்த இட நெருக்கடியில் எழுத்தாளர் “அங்கே ஒரு நண்டு!” என்று எழுதி நகர்ந்துவிடுவார். அது எந்த நண்டு, எவ்வளவு பெரியது, ஈரமணலில் இருந்ததா காய்ந்த மணலில் இருந்ததா என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் ஓவியர். அவர் அந்தக் கரையில் நடந்தவராக இருந்தால் நல்லது. இணையத்தில் தேடிய நிழற்படத்தை வைத்து வரைந்தவராக இருந்தால், தேடலில் முதலில் வந்த நாட்டின் நண்டுதான் புத்தகத்தில் ஏறும்.

இன்னொன்று நடு மடிப்பு. இரட்டைப் பக்கத்தின் நடுவில் வரையப்பட்ட நண்டின் உடல் தையலுக்குள் போய்விடும், இரு பக்கமும் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். குழந்தை காலை எண்ணிப் பார்த்தால் கணக்கு இடிக்கும்.

## யாருடைய கரை அது?

தமிழில் கிடைக்கும் கடற்கரைப் படங்களில் பாறைக் குட்டை திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் ஓதம். கடல்மட்டம் ஏறி இறங்குவதைத்தான் ஓதம் என்கிறோம். நிலவும் சூரியனும் இழுப்பதால் சுமார் 24 மணி 50 நிமிடத்தில் இருமுறை ஏற்றமும் இருமுறை வற்றமும் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த வித்தியாசம் கூடும்.

எவ்வளவு ஏறி இறங்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டனின் செவர்ன் கழிமுகத்தில் 12 மீட்டருக்கு மேல், நம் நாட்டில் குஜராத்தின் காம்பே வளைகுடாவில் சுமார் 10 மீட்டர். சென்னையிலோ பௌர்ணமி நாளிலும் ஏறக்குறைய 1 மீட்டர்தான். பல மீட்டர் இறங்கும் பாறைக் கரையில் கடல் விலகும்போது பள்ளங்களில் நீர் தேங்கி, நட்சத்திர மீனும் கடற்சாமந்தியும் சிறு மீன்களும் சில மணி நேரம் மாட்டிக்கொள்ளும். அதுதான் பாறைக் குட்டை. ஒரு மீட்டர் மட்டும் இறங்கும் மணற்கரையில் அப்படிப்பட்ட குட்டைக்கு வழியே இல்லை.

சோழமண்டலக் கரையின் சொத்து வேறு. இங்கே பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று.

1. ஒதுங்கல் கோடு. கடைசி ஏற்றத்தில் அலை எட்டிய உயரத்தில் பாசி, சிறகு, கிளிஞ்சல், குப்பை எல்லாம் ஒரு கோடாகக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் ஓய்ந்த மறுநாள் இந்தக் கோடு தடித்திருக்கும்.
2. வலை உதறும் இடம். கரைவலை இழுத்த இடத்திலும் வலையில் சிக்கியதைப் பிரித்தெடுக்கும் இடத்திலும், விலைபோகாத நட்சத்திர மீனும் சிறு சங்குகளும் கணவாய் ஓடும் கிடக்கும். மணற்கரை ஊரில் நட்சத்திர மீனைக் காட்ட வேண்டுமென்றால் காலையில் இங்கேதான் கூட்டிப் போக வேண்டும்.
3. நண்டு வங்குகள், அதாவது வளைகள். அலைக்கோட்டுக்கு மேலே, காய்ந்த மணலில். ஒரு மீட்டர் ஆழம் வரைகூடப் போகும். வங்கைச் சுற்றி நண்டு அள்ளி எறிந்த ஈரமணல், விசிறி விரித்ததுபோல் கிடக்கும்.

சூரியன் விஷயமும் இதே கதைதான். கிழக்குக் கரையில் கடலிலிருந்து சூரியன் எழும். கேரளக் கரையில் கடலில் விழும். இரண்டையும் பார்க்கக் கன்னியாகுமரி. நாகப்பட்டினத்தில் நடக்கும் கதையில் அந்திச் சூரியன் அலைக்குள் இறங்குகிறது என்றால், படம் வரைந்தவருக்குத் திசை தெரியவில்லை. கடற்காக்கையும் அப்படி. சென்னைக் கரைக்கு அவை குளிர்கால விருந்தாளிகள். மே மாதக் கரையில் வட்டமிடுபவை சாதாரணக் காக்கையும் பருந்தும்.

## அச்சில் பிறக்கும் வலம்புரிகள்

கடற்கரைப் புத்தகங்களில் மிக அதிகம் நடக்கும், மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் பிழை இதுதான். கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஏதாவது ஒரு சுருள் சங்கை எடுத்துக் கூர்முனை மேலே இருக்கும்படி, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய் வலப்பக்கம் இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட சங்கினங்கள் இப்படித்தான். உயிரியலார் இதை வலச்சுழி என்பார்கள்.

நம் வழக்கில் சங்கைத் தலைகீழாகப் பிடித்து, அதாவது சுருள் முனை கீழே, வால் மேலே என்று பார்ப்பார்கள். அப்போது சாதாரணச் சங்கின் வாய் இடப்பக்கம் வரும். அதனால் அது இடம்புரி. லட்சத்தில் ஒன்றாகக் கிடைத்துப் பெரும் விலைக்குப் போகும் வலம்புரிதான் உயிரியலாருக்கு இடச்சுழி. பெயர் இரண்டும் நேர்மாறாக நிற்பது பிடிக்கும் முறையால் வந்த குழப்பம், சங்கு ஒன்றுதான்.

இப்போது அச்சகத்துக்கு வருவோம். பக்க வடிவமைப்பாளருக்கு இடப்பக்கத்தில் எழுத்து வைக்க இடம் வேண்டும். படத்தை அப்படியே இடவலமாகத் திருப்பிவிடுகிறார். மரம், மேகம், குழந்தை எதைத் திருப்பினாலும் யாருக்கும் தெரியாது. சங்கைத் திருப்பினால் மட்டும் இயற்கையில் அபூர்வமான பொருள் ஒன்று ஒரே சொடுக்கில் உருவாகிவிடும். பக்கம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் முப்பது சங்கும் வலம்புரி! சங்கு வியாபாரிக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்தால் நெஞ்சு அடைத்துப்போகும்.

இது புதுத் தவறும் அல்ல. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1650-இல் ஒரு கூம்புச் சங்கைச் செப்புத் தகட்டில் பார்த்தபடியே செதுக்கினார். தாளில் அச்சாகும்போது அது இடவலம் மாறி இடச்சுழியாக விழுந்தது. கையெழுத்தை மட்டும் தாளில் நேராக வரும்படி தகட்டில் திருப்பிப் போட்டிருந்தார்.

குழந்தைக்கு இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். துறவி நண்டு இருக்கிறதே, அதற்குச் சொந்த ஓடு கிடையாது. செத்த நத்தையின் சங்கைத் தேடிக் குடியேறும். அதன் மென்மையான பின்னுடல் வலப்பக்கம் வளைந்திருப்பது வலச்சுழிச் சங்குக்குள் பொருந்தத்தான். திருப்பிப் போட்ட படத்தில் நண்டும் சங்கும் சேர்ந்தே திரும்பிவிட்டால்கூடப் பரவாயில்லை. நண்டை ஒரு படத்திலிருந்தும் சங்கை வேறு படத்திலிருந்தும் எடுத்து ஒட்டியிருந்தால், அந்த நண்டு அந்த வீட்டுக்குள் நுழையவே முடியாது.

## வேறு என்னென்ன பிசகும்?

1. நத்தை வீடு மாறுவது. கடல் நத்தை ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போவதாகப் பல கதைகள் உண்டு. ஓடு அதன் உடலோடு தசையால் பிணைந்தது. குஞ்சாக இருந்தபோது உண்டான முதல் சுற்று கூர்முனையில் இன்னும் இருக்கும். காலி ஓடு என்றால் உள்ளே இருந்தது இறந்துவிட்டது என்று பொருள். வீடு மாறுவது துறவி நண்டு மட்டும்.

2. நண்டின் கால். கொடுக்கு இரண்டையும் சேர்த்துப் பத்து. எட்டு, ஆறு, சில நேரம் பன்னிரண்டுகூட வரைகிறார்கள்.

3. சிவப்பு நண்டு. பெரும்பாலான நண்டுகள் வெந்த பிறகே சிவக்கும். ஓட்டில் புரதத்தோடு கட்டுண்டிருக்கும் அஸ்டாசாந்தின் என்ற நிறமி சூட்டில் விடுபடுவதுதான் காரணம். ஆகவே உயிருள்ள நண்டைச் சிவப்பாக வரைவது குழம்புச் சட்டியைப் பார்த்து வரைவது மாதிரி. ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்: வங்காள விரிகுடாக் கரையில் வங்கு தோண்டும் நண்டுகளில் ஓரினம் உயிரோடு இருக்கும்போதே நல்ல சிவப்பு.

4. சங்குக்குள் கடலோசை. சுற்றிலும் இருக்கும் ஓசைகளில் சிலவற்றைச் சங்கின் உட்குழி எதிரொலித்துப் பெரிதாக்குகிறது. காதருகே வெறும் டம்ளரைக் கவிழ்த்தாலும் அதே இரைச்சல் கேட்கும். அமைதியான அறையில் இரண்டுமே அடங்கிவிடும்.

5. அம்மா ஆமையும் குஞ்சும். முட்டையிட்ட ஆமை குழியை மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். குஞ்சைப் பார்ப்பதே இல்லை. சென்னைக் கரைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை அதிகம் வரும் பங்குனி ஆமை ஒரு குழியில் நூறுக்கு மேல் முட்டையிடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரியும், பெரும்பாலும் இரவில். குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம் ஊரும். தெருவிளக்கு இருந்தால் சாலைக்குப் போய்விடும். 1988 முதல் மாணவர் குழுவினர் சென்னைக் கரையில் இரவு நடை போய் முட்டைகளைக் காப்பதற்கு இதுவும் ஒரு காரணம். டார்ச் அடித்துக் குஞ்சைக் கையில் ஏந்தி நிற்கும் குழந்தையை அட்டையில் போடும் புத்தகம், செய்யக் கூடாததைச் செய்யச் சொல்லிக் கொடுக்கிறது.

6. அளவு. சோழியும் நண்டும் ஒரே பருமனில் இருக்கும். குழந்தையின் உள்ளங்கையையோ ஐந்து ரூபாய் நாணயத்தையோ ஓரமாக வரைந்தால் தீரும் சிக்கல் இது.

## ஷெல் ஒன்று, தமிழில் நாலு

மொழிபெயர்ப்பில் வரும் பிழை தனி ரகம். ஆங்கிலத்தில் ‘ஷெல்’ என்ற ஒரே சொல்லால் எல்லாம் நடந்துவிடும். தமிழில் சுருண்டது சங்கு. இரண்டு மூடி சேர்ந்தது கிளிஞ்சல், மட்டி அல்லது சிப்பி. பளபளப்பாகப் பிளந்த வாயோடு இருப்பது சோழி. நண்டுக்கும் ஆமைக்கும் இருப்பது ஓடு. படத்தில் சங்கு இருக்க “அழகான சிப்பி” என்று எழுதினால், கடலோரக் குழந்தை சிரிக்கும். கடலைப் பார்க்காத ஊர்க் குழந்தை தவறாகக் கற்றுக்கொள்ளும்.

கடல்நுரை என்ற சொல்லையும் பாருங்கள். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் வெள்ளையாக, படகு வடிவில், நகத்தால் கீறினால் மாவாக உதிரும் பொருளைத் தருவார்கள். அது கணவாயின் உள் ஓடு. குறுக்கே உடைத்தால் மெல்லிய அடுக்கடுக்கான அறைகள் தெரியும். அந்த அறைகளில் வாயுவையும் நீரையும் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் மேலும் கீழும் மிதக்கிறது. ஒரு பெயருக்குள் இத்தனை இருக்க, படத்துக்குக் கீழே ‘கட்டில் ஃபிஷ் எலும்பு’ என்று ஒலிபெயர்த்துப் போடுவது சோம்பேறித்தனம். அது எலும்பும் இல்லை.

## ஒரு துளையில் ஒரு கதை

நல்ல கடற்கரைப் புத்தகம் எதைச் செய்ய முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒதுங்கல் கோட்டில் கிடக்கும் மட்டி ஓடுகளில் சிலவற்றில், கீல் இருக்கும் முனைக்கு அருகே வட்டமாக ஒரு துளை இருக்கும். ஊசியில் கோக்க வசதியாக யாரோ போட்டுவைத்ததுபோல், குறுக்களவு இரண்டு மில்லிமீட்டர் வரும்.

துளையின் விளிம்பை விரலால் தடவினால் வெளிப்பக்கம் அகன்று உள்ளே குறுகுவது தெரியும். அது நிலா நத்தையின் வேலை. மணலுக்கடியில் மட்டியைத் தேடிப் பிடித்துப் பாதத்தால் இறுகப் போர்த்திக்கொள்ளும். அமிலச் சுரப்பால் ஓட்டை இளக்கி, பல் வரிசைகள் கொண்ட நாக்கால் சுரண்டும். மறுபடி சுரப்பு, மறுபடி சுரண்டல். மணிக்கணக்கில் நடக்கும் வேலை. ஓட்டை விழுந்ததும் உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். விளிம்பு சரியாமல் துளை செங்குத்தாக இருந்தால் அது பெரும்பாலும் முட்சங்கு வகை நத்தை போட்டது.

குற்றம், தடயம், குற்றவாளி மூன்றும் ஒரே ஓட்டில் இருக்கின்றன. இதற்கு 32 பக்கம் தாராளம். கரையில் கிடைத்ததையெல்லாம் பக்கத்துக்கு ஒன்றாக அடுக்கும் புத்தகத்தைவிட, ஒரு பொருளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் புத்தகம் குழந்தையிடம் அதிக நாள் தங்கும் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி.

## பொறுக்கிக்கொண்டு வரலாமா?

கூடை நிறையக் கிளிஞ்சலோடு வீடு திரும்பும் முடிவு இத்தகைய புத்தகங்களுக்குப் பழக்கமானது. படம் எதைக் காட்டுகிறதோ அதைக் குழந்தை செய்யும். பெரியவர்களும் செய்திருக்கிறார்கள். 1850-களில் இங்கிலாந்தில் இயற்கை ஆய்வாளர் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய கடற்கரை நூல்கள் வீட்டு மீன்தொட்டி மோகத்தைக் கிளப்பின. மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பாறைக் குட்டைகளைச் சுரண்டி எடுத்தார்கள். அந்தக் குட்டைகள் சூறையாடப்பட்டதைப் பின்னால், 1907-இல், வருத்தத்தோடு எழுதிவைத்தவர் அவருடைய மகனே.

காலி ஓடு மட்டும்தானே என்பதற்கும் பதில் உண்டு. ஸ்பெயினின் சலூ நகரக் கடற்கரை ஒன்றில் 1978–81 கணக்கையும் 2008–10 கணக்கையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். சுற்றுலாப் பயணிகள் ஏறக்குறைய மூன்று மடங்கு கூடியிருந்தார்கள். கிளிஞ்சல்கள் 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தன. காலி ஓடு துறவி நண்டுக்கு வீடு, பாசிக்குப் பிடிமானம், கரைந்தால் கடலுக்கே திரும்பும் சுண்ணாம்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

1. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியல்களில் கடல் அட்டை, கடற்குதிரை, பவளம், குறிப்பிட்ட சில சங்கு, சிப்பி இனங்கள் 2001-இல் சேர்க்கப்பட்டன. இவை செத்துக் கிடந்தாலும் எடுத்து வைத்திருக்கக் கூடாது. 2022-இல் திருத்தப்பட்ட பட்டியல்கள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன.
2. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே ‘கொஞ்சமாக’ எடுப்பது என்பதே கிடையாது.
3. ஒருவகைத் திமிங்கிலத்தின் குடலில் உண்டாகிக் கரையில் ஒதுங்கும் மெழுகு போன்ற அம்பர்கிரிஸ் சில வெளிநாட்டுப் புத்தகங்களில் அதிர்ஷ்டப் புதையல். இந்தியாவில் அதை வைத்திருந்தால் கைதாவீர்கள். செய்தித்தாளில் அடிக்கடி வருவதுதான்.

சாதாரண மட்டியும் கிளிஞ்சலும் இந்தப் பட்டியல்களில் இல்லை. அவற்றைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய ஊர்கள் நம்முடையவை. குழந்தை ஒன்றிரண்டு எடுத்து வருவதைக் குற்றமாக்கத் தேவையில்லை. கூடைக்குப் பதில் படத்தில் ஒரு சட்டைப்பையை வரைந்தாலே போதும்.

எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை இரண்டு. சங்கின் வாயை மூடியபடி கெட்டியான தட்டு இருந்தாலோ, உள்ளே கால் நுனி தெரிந்தாலோ அங்கே ஆள் இருக்கிறது. இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். கூம்பு வடிவச் சங்கை உயிரோடு இருக்கும்போது தொடவே கூடாது. அதன் நச்சு முள் சங்கின் எந்தப் பக்கத்துக்கும் வளைந்து எட்டும். பெரிய இனங்கள் ஆளைக் கொல்லவும் கூடியவை.

## புதிதாகச் சேர வேண்டிய பக்கங்கள்

காற்று கரைநோக்கி அடிக்கும் நாட்களில் நீல நாணயம் போன்ற உயிர்களும், ஊதா கலந்த நீலத்தில் சிறு பலூன் போன்ற நச்சுச் சொறியும் (ஜெல்லி மீன் போன்ற உயிர்) சென்னைக் கரையில் ஒதுங்குவதுண்டு. பலூன் பார்க்க அழகாக இருப்பதுதான் ஆபத்து. காய்ந்து கிடந்தாலும் அதன் இழைகள் கொட்டும். கொட்டிவிட்டால் தேய்க்காமல் கடல்நீரால் கழுவி, மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்னொரு வரவு பிளாஸ்டிக் குருணை. பிளாஸ்டிக் பொருள் செய்வதற்கான மூலப்பொருள் இந்த வடிவில்தான் கப்பலேறுகிறது. 2021-இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து சுமார் 1,680 டன் கடலில் கலந்தது. 2025 மே மாதம் கேரளத்துக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியபின், கன்னியாகுமரிப் பக்கமும் குருணைகள் ஒதுங்கின. பார்க்க ஜவ்வரிசிபோல இருக்கும். குழந்தை மீன் முட்டை என்று நினைக்கும். மீனும் பறவையும் அப்படியே நினைத்து விழுங்கும். விரலால் அழுத்தினால் நசுங்காது, அதுதான் அடையாளம்.

## நம் கரைக்கு ஒரு புத்தகம்

கடலோர விளையாட்டு நமக்கு இறக்குமதிச் சரக்கு அல்ல. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் பெண்கள் நண்டைத் துரத்தி விளையாடுகிறார்கள். அதற்கு ‘அலவன் ஆட்டுதல்’ என்று பெயர். ஈரமணலில் வண்டல் இழைக்கிறார்கள் (மணலில் பாவை செய்கிறார்கள்), சிற்றில் என்ற மணல் வீடு கட்டுகிறார்கள், அலை வந்து அழிக்கிறது.

அந்தக் கரையின் செடிகள் இன்றும் இருக்கின்றன. அடும்புக்கொடி மணல்மேட்டைப் பிடித்து நிறுத்துகிறது. பக்கத்தில் இராவணன் மீசை, ஊசி இலைகளோடு. கோடையில் அதன் விதைத்தலை காய்ந்து, நாலாபக்கமும் முள் நீட்டிய பந்தாக ஒடிந்து விழும். கடற்காற்று அதை மணலில் உருட்டிக்கொண்டு போகும். முள் நுனிகள் மட்டும் தரையில் பட, அது ஓடும். போகிற வழியெல்லாம் விதை உதிரும், பின்னாலேயே பிள்ளைகள் ஓடுவார்கள். இடப்பக்கத்தில் புறப்பட்டு நடு மடிப்பைத் தாண்டி வலப்பக்க ஓரம்வரை உருண்டு போக, ஓர் இரட்டைப் பக்கம் அதற்குச் சரியாக இருக்கும்.